லூசியும் வினைமுற்றும்

லூசியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலேயே சிக்கிக்கொள்கிறோம். லூசி நடந்தது, நடந்தாள், நடந்தார்: எது? ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரைத் தவிர்த்துவிட்டால் பக்கம் பக்கமாகத் தப்பித்துப் போய்விடலாம். தமிழ் வினைமுற்று விடாது. திணையையும் பாலையும் சொல்லாமல் அதற்கு முடியத் தெரியாது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே இந்தப் பிரிவினையில்தான். மனிதர் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். அந்தக் கோடு சரியாக எந்த இடத்தில் விழுகிறது என்று சொல்ல வேண்டிய தேவை அந்த இலக்கணிக்கு இருக்கவில்லை. 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காலில் நடந்த, நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மூளை இருந்த ஓர் உயிரைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு அந்தத் தேவை இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் லூசியை 'அவர்' என்றே எழுதப்போகிறேன். அது வெறும் மரியாதைக்காக அல்ல. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் அந்த எலும்புகளுக்கு இதுவரை என்னென்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1974 நவம்பர் 24. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில், அவாஷ் ஆற்றை ஒட்டிய ஹடார் என்னுமிடத்தில், அமெரிக்கத் தொல்மானுடவியலாளர் டொனால்ட் ஜொஹான்சனும் அவருடன் இருந்த ஆய்வு மாணவர் டாம் கிரேயும் ஒரு சரிவில் முழங்கை எலும்பின் துண்டு ஒன்றைப் பார்த்தார்கள். பக்கத்தில் மண்டையோட்டுத் துண்டு, தொடை எலும்பு, முதுகெலும்பு, இடுப்பெலும்பு. அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பொறுக்கினார்கள். ஒரே எலும்பு இரண்டு முறை வரவில்லை. எனவே எல்லாம் ஒரே உடலுக்கு உரியவை. ஓர் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு கிடைத்துவிட்டது. அவ்வளவு பழைய காலத்திலிருந்து அதுவரை அப்படி ஒன்று கிடைத்ததில்லை. உயரம் மூன்றரை அடி அளவில். ஞானப்பல் முளைத்திருந்தது, ஆகவே குழந்தை அல்ல, வளர்ந்தவர். இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்த உடலுடையவை. மூளை பெருத்த பிறகே மனிதர் நிமிர்ந்தனர் என்று நீண்ட காலம் பலர் எண்ணியிருந்ததற்கு நேர் எதிரான சாட்சி இது. நடை முதலில் வந்தது, பெரிய மூளை வெகு பின்னால்.

பதிவேட்டில் அந்த எலும்புகளின் பெயர் ஏ.எல். 288-1. அன்றிரவு முகாமில் பீட்டில்ஸ் குழுவின் ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த ஒரு பாட்டின் பெயரிலிருந்து 'லூசி' பிறந்தது. எத்தியோப்பியாவில் அம்ஹாரிக் மொழியில் வேறொரு பெயர் இருக்கிறது: தின்கினேஷ். அதற்கு நான் பிறகு வருகிறேன்.

லூசி என்பது பெண் பெயர். ஆனால் எலும்புகள் பெண்ணுடையவை என்று எப்படித் தெரிந்தது? உருவம் சிறியது என்பதுதான் முதல் காரணம். அடுத்த ஆண்டே, 1975இல், ஹடாரின் இன்னொரு சரிவில் குறைந்தது 13 பேருடைய எலும்புகள் கிடைத்தன. பெரியவை, சிறியவை, குழந்தைகளுடையவை. அவற்றில் பெரியவை ஆண்கள், லூசியைப் போன்ற சிறியவை பெண்கள், எல்லோரும் ஒரே இனம் என்று ஜொஹான்சன் குழு வாதிட்டது. 1978இல் அந்த இனத்துக்கு ஆஸ்ட்ரலோபிதெகஸ் அஃபாரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். பெரியதும் சிறியதும் இரண்டு தனி இனங்களாகவே இருக்கலாம் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்த 13 பேருக்கும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று எந்த எலும்பும் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களுக்கு விழுந்த பெயர் 'முதல் குடும்பம்'.

லூசியின் இடுப்பெலும்பு அகன்றும் தட்டையாகவும் இருக்கிறது. அந்த இடுப்பு வழியாகச் சிறிய தலையுள்ள குழந்தை பிறந்திருக்க முடியும் என்றார்கள் சிலர். 1995இல் சூரிச்சைச் சேர்ந்த மார்ட்டின் ஹாயிஸ்லரும் பீட்டர் ஷ்மிட்டும் அதை மறுத்தார்கள். அந்த இடுப்பின் அளவுகளைப் பார்த்தால் பிரசவம் மிகக் கடினம், ஆகவே இது ஆணாகவும் இருக்கலாம், அப்படியானால் லூசி அல்ல 'லூசிஃபர்' என்பதே பொருத்தம் என்று எழுதினார்கள். அதற்கு மறுப்பு வந்தது. இன்றைக்கும் பெரும்பாலோர் லூசியைப் பெண் என்றே கொள்கிறார்கள்.

நான் எலும்பியல் படித்தவள் அல்ல. யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. என் கவனத்தில் தங்கியது விவாதத்தின் வடிவம். பெரிதல்ல, ஆகவே பெண். பிள்ளை பெற முடியும், ஆகவே பெண். பிள்ளை பெறுவது கடினம், ஆகவே பெண் அல்ல. எலும்பு மட்டும் மிஞ்சிய இடத்தில் ஆய்வாளருக்கு வேறு அளவுகோல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எலும்புக்கு மேல் தோலும் பேச்சும் உள்ள இடங்களிலும் இதே அளவுகோல்தானே பயன்படுகிறது? கல்யாணமாகி மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் வயிறு திறக்காத பெண்ணைப் பார்த்து, 'அவ பொம்பளையே இல்ல' என்று சொல்லும் வாய்களை நம் தெருவிலேயே கேட்டிருக்கிறோம். அங்கே இடுப்பெலும்பை அளந்தவர்கள் யாருமில்லை.

பெயரிட்ட பிறகு குடும்பம் வைப்பார்கள். தான்சானியாவின் லெடோலியில் 1978இல் மேரி லீக்கியின் குழு கண்டெடுத்த காலடித் தடங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேரி லீக்கி பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் எதுவும் பெறாதவர். முறையான கல்லூரிப் படிப்பு இல்லாமலே இந்தத் துறையின் முன்வரிசைக்கு வந்தவர். எரிமலைச் சாம்பல் விழுந்து, மழையில் நனைந்து, இறுகுவதற்குள் சிலர் அதன் மேல் நடந்து போயிருக்கிறார்கள். ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள் பழைய, 27 மீட்டர் நீளத் தடம். இரண்டு வரிசை, பெரிய தடத்தின் மீதே இன்னொருவர் மிதித்து நடந்ததற்கான அடையாளமும் உண்டு. லூசியின் இனத்தார் நடந்த தடமென்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். கால்விரல் தெரிகிறது, குதிகால் தெரிகிறது. யார் ஆண், யார் பெண், யாருக்கு யார் என்ன வேண்டும் என்பது தெரியவில்லை.

நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்தத் தடங்களை வைத்து இரண்டு உருவங்களைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். உயரமான ஆண், குட்டையான பெண். ஆணின் கை பெண்ணின் தோளைச் சுற்றிக் கிடக்கிறது. தடங்களில் கால்கள்தாம் இருக்கின்றன. கை எங்கிருந்து வந்தது? சாம்பலில் கை பதியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில், தன் நகரத்துப் பூங்காக்களில் தான் பார்த்துப் பழகிய கையை எடுத்துக்கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறார் செய்தவர்.

அந்தக் கைக்கு ஒரு கோட்பாடும் துணைக்கு இருந்தது. ஹடார் எலும்புகளை ஆய்ந்த ஓவன் லவ்ஜாய் 1981இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நாம் ஏன் இரண்டு காலில் நிமிர்ந்தோம் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் இது: ஆண் தூரம் போய் உணவு தேடி, கைகளில் சுமந்து, தன் இணைக்குக் கொண்டுவந்து கொடுத்தான், பெண் அதிகம் அலையாமல் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள், ஒருவனுக்கு ஒருத்தி என்ற பிணைப்பே நம்மை நிமிர்த்தியது. சம்பளத்தோடு மாலையில் வீடு திரும்பும் கணவனும் வாசலில் காத்திருக்கும் மனைவியும் சில பத்து லட்சம் ஆண்டுகள் பின்னால் போய் நின்றார்கள்.

2016இல் அதே லெடோலியில் கிடைத்த மேலும் சில தடங்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட மிகப் பெரிய பாதம். உடனே வேறொரு விளக்கம் வந்தது: ஒரு பெரிய ஆண், அவனைச் சுற்றிச் சில பெண்கள், குழந்தைகள், கொரில்லாக்களைப் போன்ற கூட்டமாக இருந்திருக்கலாம். அதே சாம்பல், அதே கால்கள். முதலில் தம்பதி, பிறகு அந்தப்புரம். தடங்களை நான் குறை சொல்லவில்லை. விளக்கம் தேடுவது அறிவியலின் வேலை. புதுச் சான்று வந்தால் மாற்றிக்கொள்வது அதன் நேர்மை. ஆனால் மாறி மாறி வரும் விளக்கங்களில் ஒன்று மட்டும் மாறாமல் இருக்கிறது: பெண் யாரோ ஒருவனுடையவளாகவே தோன்றுகிறாள்.

2000ஆம் ஆண்டு எத்தியோப்பிய ஆய்வாளர் செரெசெனாய் அலெம்செகெட், ஹடாருக்கு அருகே டிகிகாவில் லூசியின் இனத்தைச் சேர்ந்த ஒரு குழந்தையின் எலும்புகளைக் கண்டெடுத்தார். சுமார் மூன்று வயது. தாடைக்குள் முளைக்காமல் புதைந்திருந்த பற்களைக் கதிர்ப்படத்தில் பார்த்துப் பெண் குழந்தை என்று கணித்தார்கள். செலாம் என்று பெயர். அமைதி என்று பொருள். செய்தித்தாள்கள் அந்தக் குழந்தையை 'லூசியின் குழந்தை' என்று எழுதின. செலாம் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவள். லூசிக்கும் ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் மூத்தவள். குழந்தை முன்னால் பிறந்து, தாய் பின்னால் பிறக்கிறாள்! பெண்ணென்று பெயர் சூட்டிய எலும்புக்கூட்டின் மடி காலியாக இருப்பது யாருக்கும் பொறுக்கவில்லை. நம் நாளிதழ்களிலும் செத்துக் கிடக்கும் பெண் 'இரண்டு குழந்தைகளின் தாய்' என்றுதானே தலைப்பில் வருகிறாள்.

இதெல்லாம் எங்கோ நடக்கும் அருங்காட்சியக விவகாரம் என்று விட்டுவிடலாம். என்னால் முடியாததற்குக் காரணம் வகுப்பறை.

முதுகலை வகுப்பில் திணைக் கோட்பாடு நடத்தும்போது, குறிஞ்சி நிலத்து வேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு மாணவன் எழுந்து, "ஆதி மனுசன் காலத்துலேர்ந்தே ஆம்பள வேட்டைக்குப் போனான், பொம்பள குகையில புள்ளையப் பாத்துக்கிட்டா. அது இயற்கை அம்மா, யாரும் உக்காந்து சட்டம் போடல" என்றான். நல்ல பையன். கேலியாகச் சொல்லவில்லை; பாடப்புத்தகத்துப் படத்திலிருந்து சொன்னான். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வராந்தாவில் என்னோடு நடந்துவந்தாள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சிப் படிப்பெல்லாம் பெண்ணின் இயற்கைக்கு ஒத்துவராது என்று அவள் தாய்மாமா சொல்லியிருந்தார். "அப்ப ஆதியிலேர்ந்தே இப்படித்தானா அம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

முதல் பதில்: அப்படி இல்லை, அல்லது, அப்படி இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. 1966இல் சிகாகோவில் 'வேட்டையாடி மனிதன்' என்ற தலைப்பிலேயே ஒரு கருத்தரங்கு நடந்தது. வேட்டைதான் நம்மை மனிதராக்கியது, அறிவும் கருவியும் கூட்டுறவும் அதிலிருந்தே வந்தன என்ற கருத்து அங்கே வலுவாக ஒலித்தது. அதே அரங்கில் ரிச்சர்ட் லீ, தென்னாப்பிரிக்கப் பகுதியின் கலஹாரி மக்களிடையே தான் கணக்கெடுத்ததைச் சொன்னார்: அவர்கள் உண்டதில் பெரும்பகுதி காய், கிழங்கு, கொட்டைகள்; அவற்றை அதிகமும் சேகரித்தவர்கள் பெண்கள். தலைப்பு மட்டும் மாறவில்லை. 1970களின் தொடக்கத்தில் சாலி ஸ்லோகம் என்ற மானுடவியலாளர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். முதல் கருவி ஏன் கொலைக்கருவியாக இருக்க வேண்டும்? சேகரித்ததைப் போட்டுவர ஒரு கூடையும், பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஒரு தூளியும் முதல் கண்டுபிடிப்புகளாக இருந்திருக்கக்கூடாதா? கல் மிஞ்சும், நாரும் தோலும் ஓலையும் மட்கிப்போகும். மிஞ்சியது மட்டுமே நடந்தது என்று எண்ணினால், ஓலைப்பெட்டி முடைந்தவள் வரலாற்றில் இருக்கவே மாட்டாள். ஏட்ரியன் ஸில்மனும் நான்சி டானரும் 1976இல் இந்தக் கேள்வியை ஒரு முழு விளக்கமாக வளர்த்தார்கள்.

வேட்டையாடி என்ற வீரனுக்கும் சோதனை வந்தது. 1924இல் தென்னாப்பிரிக்காவின் தாங் என்னுமிடத்தில் கிடைத்த குழந்தை மண்டையோட்டை ரேமண்ட் டார்ட் உலகுக்கு அறிவித்தார். அந்தச் சுரங்கத்தின் பக்கம் அவர் கவனத்தைத் திருப்பியவர் ஜோசஃபின் சால்மன்ஸ் என்ற மாணவி. அங்கே கிடைத்த குரங்கு மண்டையோடு ஒன்றை அவர்தான் கொண்டுவந்தார். பிற்காலத்தில் டார்ட், நம் முன்னோர் எலும்பையே ஆயுதமாக்கிக் கொன்று தின்ற கொலைகாரக் குரங்குகள் என்று எழுதினார். அந்தக் கதை மிகவும் பரவியது. பாப் பிரெய்ன் பல ஆண்டுகள் குகை எலும்புகளை ஆராய்ந்து, ஒரு சிறு மண்டையோட்டில் இருந்த இரண்டு துளைகள் சிறுத்தையின் கீழ்க் கோரைப்பற்களுக்குப் பொருந்துவதைக் காட்டினார். 1995இல் தாங் குழந்தையையே ஒரு கழுகு தூக்கிப் போயிருக்கலாம் என்று லீ பெர்கரும் ரான் கிளார்க்கும் எழுதினார்கள். வேட்டையாடியதாகச் சொல்லப்பட்டவர்கள் வேட்டையாடப்பட்டவர்கள். லூசியின் ஹடாரிலோ குகையும் இல்லை. ஏரியும் ஆறும் மரங்களும் புல்வெளியும் இருந்த நிலம் அது. 'குகையில் பிள்ளை பார்த்தவள்' அங்கே தங்க இடமே கிடையாது.

இந்தப் பதிலை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கோ அங்கேதான் ஓர் எச்சரிக்கை தேவைப்பட்டது.

ஏனென்றால், நம் பக்கத்துக்கும் ஓர் ஆதி வேண்டியிருக்கிறது. ராகுல் சாங்கிருத்யாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை' நூலைக் கண. முத்தையாவின் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதன் முதல் கதையில் வரும் நிஷா, தன் கூட்டத்துக்கே தலைவி. வீட்டில் குனிந்து நடக்கப் பழக்கப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு நிஷா ஒரு முதுகெலும்பு கொடுத்திருக்கிறாள். தாயுரிமை வீழ்ந்ததைப் பற்றி எங்கெல்ஸ் 1884இல் எழுதிய நூலும் அதே வேலையைச் செய்திருக்கிறது. எங்கள் தமிழ்த் துறைகளிலும் இதற்கு ஒரு வழக்கமான வடிவம் உண்டு: சங்க காலத்திலேயே பெண்பாற் புலவர்கள் இருந்தார்கள், ஆகவே பெண் எழுதலாம். ஒவ்வொரு மேடையிலும் ஔவையாரை அழைத்து அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே நாங்கள் பேசத் தொடங்குகிறோம்.

2020இல் பெருவின் மலைப்பகுதியில் 9,000 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றைப் பற்றிய ஆய்வு வெளியானது. வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருந்தவர் 17 முதல் 19 வயதுக்குள்ளான ஓர் இளம்பெண் என்று பல்லின் புரதத்தைக் கொண்டு கண்டார்கள். 2023இல் இன்னொரு ஆய்வு, 63 வேட்டைச் சமூகங்களைப் பார்த்ததில் 79 விழுக்காட்டில் பெண்களும் வேட்டையாடியதாகச் சொன்னது. நம்மில் பலர் அதைக் கொண்டாடிப் பகிர்ந்தோம். 2024இல் வேறு ஆய்வாளர்கள் அதன் தரவுகளையும் வகைப்படுத்திய முறையையும் கேள்விக்குள்ளாக்கினார்கள். பெண்கள் வேட்டையாடவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த விழுக்காடு நிற்காது என்றார்கள். அப்படியானால் 2023இல் எனக்கு இருந்த உரிமையில் 2024இல் கொஞ்சம் குறைந்துபோனதா?

இங்கேதான் இரண்டாவது பதில். ஆதியில் எப்படி இருந்தாலும் அந்த மாணவி ஆராய்ச்சி செய்யலாம். லூசியின் கூட்டத்தில் பெரிய ஆண் சிறிய பெண்களை அடித்து அடக்கி வைத்திருந்தான் என்று நாளைக்கே ஐயத்துக்கு இடமில்லாத சான்று கிடைத்தாலும் அவள் ஆராய்ச்சி செய்யலாம். இருந்தது என்பதிலிருந்து இருக்க வேண்டும் என்பது தானாகப் பிறக்காது; 18ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் சுட்டிக்காட்டிய இடைவெளி அது. அவள் தாய்மாமாவுக்கும் இது தெரியாததல்ல. லூசியின் இனத்தார் பச்சையாக உண்டார்கள், கூரையின்றித் தூங்கினார்கள். அவற்றை அவர் இயற்கை என்று சொல்லித் தன் வீட்டில் அடுப்பை அணைப்பதில்லை. ஆதியிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பதை இன்றைய அதிகாரம் தீர்மானிக்கிறது.

ஆகவே சான்றுக்கு ஒரு வேலை உண்டு, அது மிக முக்கியமான வேலை: பொய்யை உடைப்பது. 'எப்போதும் இப்படித்தான்' என்று யாராவது சொன்னால், எலும்பையும் சாம்பலையும் காட்டி 'அதற்கு ஆதாரம் இல்லை' என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் உரிமையை வழங்கும் வேலை சான்றுக்கு இல்லை. அந்த வேலையை அதனிடம் கொடுத்தால், நம் விடுதலையைக் கொண்டுபோய் அடுத்த அகழ்வாராய்ச்சிக் குழியின் விளிம்பில் வைக்கிறோம். நிஷா எனக்குத் துணிவு தரலாம். கதைகள் துணிவு தரத்தான் இருக்கின்றன. அவள் எனக்குப் பட்டா எழுதித் தர வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. அது லூசியைப் பற்றியது. அந்த எலும்புகளை ஒருவர் மனைவியாக்கினார், ஒருவர் தாயாக்கினார். நான் எடுத்துக் கூட்டத்தின் தலைவியாக்கினால் என் வேலை மட்டும் எப்படி வேறாகும்? பேச முடியாத ஓர் உடலை என் வழக்குக்குச் சாட்சியாக நிறுத்துவதில் அவர்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒன்றுக்கு என்ன அநீதி இழைத்துவிட முடியும் என்று கேட்கலாம். லூசிக்கு வலிக்காது, அது சரி. ஆனால் பதில் சொல்ல முடியாதவரைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் அருங்காட்சியகத்தோடு நிற்பதில்லை. பிணவறையில் கிடக்கும் பெண்ணைப் பற்றிப் பேசும்போதும், மனநலக் காப்பகத்தில் இருப்பவளைப் பற்றிப் பேசும்போதும், ஊரைவிட்டு ஓடிப்போனவளைப் பற்றித் திண்ணையில் பேசும்போதும் அதே நாக்குதான் பேசுகிறது. தெரியாத இடத்தை வெறுமையாக விட அதற்குத் தெரியாது.

லூசி பிறந்த மண்ணிலேயே இதைப் பார்க்கலாம். அஃபாரென்சிஸ் என்ற பெயருக்குள் அஃபார் மக்கள் இருக்கிறார்கள். ஒட்டகமும் ஆடும் மேய்த்து இடம்பெயரும் மக்கள். அவர்கள் போகுமிடமெல்லாம் வளைந்த கழிகளையும் பாய்களையும் கொண்டு வீட்டைக் கட்டுவதும், கலைத்து ஒட்டகத்தில் ஏற்றுவதும் பெண்களின் வேலை. மனிதக் குலத்தின் தாய் என்று ஒரு பெண்ணை அந்த மண்ணிலிருந்து எடுத்து உலகமெங்கும் காட்டியவர்களில் எத்தனை பேர், அதே மண்ணில் இன்று வீடு கட்டுகிறவளின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? அவளிடம் கேட்டால் பதில் வரும். ஒருவேளை அதனால்தான் கேட்பதில்லை.

இப்போது வினைமுற்றுக்கு வருகிறேன். தமிழில் முன்னோரைக் குறிக்கும் 'மூதாதை' என்ற சொல்லுக்குள் தாதை, அதாவது தந்தை உட்கார்ந்திருக்கிறான். 'மூதாய்' என்றும் ஒரு சொல் உண்டு. சங்கப் பாடல்களில் அது மழைக்குப் பின் தரையில் ஊரும் சிவந்த தம்பலப்பூச்சிக்கு வழங்கியிருக்கிறது. எனக்கு அந்தப் பூச்சி பிடிக்கும், ஆனால் லூசிக்கு அது உதவாது. 'அது' என்று எழுதினால் நிமிர்ந்து நடந்த ஓர் உயிரைக் கல்லோடு சேர்த்துவிடுகிறேன். 'அவள்' என்று எழுத மனம் விழைகிறது. நாம் நம் தோழியை 'அவள்' என்கிறோம், அம்மாவையும் 'அவள்' என்கிறோம். அதில் நெருக்கம் இருக்கிறது. ஆனால் அதே 'அவள்' செய்தித்தாளில் வேறு வேலை செய்வதையும் பார்க்கிறோம். அதிகாரி 'அவர்' ஆவார். வீட்டு வேலை செய்தவள் 'அவள்' ஆவாள். லூசியை 'அவள்' என்றதும் தோளில் ஒரு கையும் மடியில் ஒரு குழந்தையும் தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன.

'அவர்' என்ற சொல்லில் பால் திறந்திருக்கிறது, திணை மட்டும் உயர்ந்திருக்கிறது. பெண்ணாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்படியானாலும் நம்மவர், எப்படியானாலும் மரியாதைக்குரியவர். தெரியாதவரைத் தெரியாதவராகவே மதிக்க ஒரு சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. லூசி பெண் என்று பிறர் எழுதுவதில் எனக்குத் தடையில்லை. சான்று அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் அவர் பெண் என்பதாலேயே அவர் வாழ்க்கையில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நிரப்பத் தொடங்கும் கையை இந்த 'அர்' விகுதி கொஞ்சம் தாமதப்படுத்துகிறது.

தின்கினேஷ் என்ற பெயரும் இந்த வகையில் எனக்கு நெருக்கமானது. அதற்கு 'நீ அற்புதமானவள்' என்று பொருள். அம்ஹாரிக் அங்கே பெண்பாலைத் தேர்ந்துகொண்டது. ஆனால் படர்க்கையில் அல்ல, முன்னிலையில். அவளைப் பற்றிப் பேசும் பெயரல்ல, அவளிடம் பேசும் பெயர். 'நீ' என்று ஒருவரை விளித்தால், பதில் வராது என்று தெரிந்திருந்தாலும், ஒரு கணமாவது வாயை மூடிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்த எலும்புகள் அடிஸ் அபாபாவில், எத்தியோப்பிய தேசிய அருங்காட்சியகத்தின் காப்பறையில் இருக்கின்றன. பார்வையாளருக்கு வைக்கப்பட்டிருப்பது நகல். மரத்திலிருந்து விழுந்து இறந்திருக்கலாம் என்று 2016இல் ஒரு குழு எழுதியது. ஜொஹான்சன் உள்ளிட்டோர் ஏற்கவில்லை. முகம் ஏறக்குறைய முழுவதுமே இல்லை. நாம் பார்க்கும் லூசியின் கண்கள், உதடுகள், அந்தச் சோகமோ புன்னகையோ, எல்லாம் செய்தவர்கள் கொடுத்தவை. முழங்கால் மூட்டு அப்படியல்ல. அது 32 லட்சம் ஆண்டுகளாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறது: இவர் நடந்தார். யாருக்கு உணவு கொண்டுபோக, யார் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்குப் பயந்து என்றெல்லாம் அந்த வாக்கியத்தை நீட்ட மூட்டில் எதுவும் எழுதியில்லை. நானும் அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கிறேன்.